அயர்லாந்தின் தொப்புளா, எல்லைக்கல்லா? பர் என்ற சின்ன ஊர்

3 பிப்ரவரி 2024 | மணல்மேடு

அயர்லாந்தில் ஆஃபலி கவுண்டியில் (கவுண்டி நம் மாவட்டம் மாதிரி) பர் என்று ஒரு ஊர். ஐயாயிரத்துக்கும் குறைவான சனம். ஆனால் 1845 முதல் 1917 வரை அளவில் உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி அங்கேதான் நின்றது. மட்டையும் பந்தும் வைத்து ஆடும் ஐரிஷ் விளையாட்டான ஹர்லிங்கின் முதல் அகில அயர்லாந்து இறுதிப் போட்டியும் அங்கேதான். மோட்டார் வண்டியில் சிக்கி இறந்த முதல் ஆளும் அந்த ஊரில்தான். இவ்வளவும் ஒரே ஊருக்கு எப்படி வாய்த்தது? என் கணக்கில் காரணம் எளிது: நாட்டின் நட்டநடுவில் இருக்கிறது, எல்லாச் சாலையும் அங்கே வந்து சேரும். 'அயர்லாந்தின் தொப்புள்' என்று பழைய ஆட்களே எழுதி வைத்திருக்கிறார்கள். மறுப்பவர் மறுக்கலாம்.

3 பிப்ரவரி, இரவு | கரித்துண்டு

மறுக்கிறேன். பர் நடுவில் இல்லை. அயர்லாந்தின் புவியியல் மையம் என்று நில அளவைத் துறை கணக்கிட்ட இடம் ரோஸ்காமன் கவுண்டியில், ரீ ஏரியின் மேற்குக் கரை ஓரம். பர் அதற்குச் சுமார் 45 கி.மீ. தெற்கே இருக்கிறது. தொப்புள் என்ற பட்டமும் கைமாறி வந்ததுதான். 12ஆம் நூற்றாண்டில் ஜெரால்ட் என்ற வேல்ஸ் பாதிரியார் அந்தப் பெயரைச் சொன்னது வெஸ்ட்மீத்தில் உள்ள உஷ்ணா குன்றின் கல்லுக்கு. பர்ருக்கு அது ஒட்டியது 17ஆம் நூற்றாண்டில், வில்லியம் பெட்டி நிலம் அளந்த காலத்தில்.

பர் இருப்பது ஓரத்தில். வரைபடத்தை விரித்துப் பாருங்கள். ஊரின் மேற்கு விளிம்பில் சின்ன ப்ரோஸ்னா ஆறு. ஆற்றைத் தாண்டினால் டிப்பரரி, அதாவது மன்ஸ்டர் மாகாணம். ஊர் இருக்கும் கரை லென்ஸ்டர். இன்னும் மேற்கே போய் ஷானன் நதியைத் தாண்டினால் கால்வே, அதாவது கொனாக்ட். மூன்று மாகாணங்கள் முட்டிக்கொள்ளும் மூலை அது. ஊரின் கதை முழுவதும் அந்த எல்லையிலிருந்து வந்தது, நடுவிலிருந்து இல்லை.

4 பிப்ரவரி | கரித்துண்டு

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ஊருக்குள் ஓடுவது சின்ன ப்ரோஸ்னா என்று படித்தவர்கள் நினைத்திருக்கலாம். ஊரை ஒட்டி ஓடுவது காம்கோர். அது ஸ்லீவ் ப்ளூம் மலையில் பிறந்து, பர் கோட்டைத் தோட்டத்துக்குள் சின்ன ப்ரோஸ்னாவில் கலக்கிறது. சின்ன ப்ரோஸ்னா பிறகு ஷானனில் சேர்கிறது. ஊர்ப்பெயரே இந்தத் தண்ணீரிலிருந்து வந்தது: ஐரிஷ் மொழியில் பியோரா, நீர் மிகுந்த இடம்.

மலை என்று பெரிதாக எண்ண வேண்டாம். ஸ்லீவ் ப்ளூமின் உச்சி 527 மீட்டர். நம் ஊர்க் கணக்கில் கரடு. ஆனால் சுற்றிலும் தட்டையான சுண்ணாம்புக்கல் சமவெளி, அதன்மேல் சதுப்பு. சதுப்பில் வண்டி இறங்கினால் எழாது. ஆகவே தெற்கிலிருந்து வடக்கே போகிறவன் மலைக்கும் ஷானனுக்கும் இடையே உள்ள உறுதியான மண் பட்டையில்தான் போக வேண்டும். பர் அந்தப் பட்டையில் உட்கார்ந்திருக்கிறது. இன்றைய என்52, என்62 நெடுஞ்சாலைகள் இரண்டும் ஊர் வழியாகத்தான் போகின்றன.

4 பிப்ரவரி | ஓட்டைக்குடை

எல்லை என்ற வாதத்துக்கு இன்னும் பழைய சாட்சி இருக்கிறதே! 697ஆம் ஆண்டு பர் மன்றம். ஸ்காட்லாந்துத் தீவான அயோனாவில் இருந்த மடத்தின் தலைவர் அடோம்நான் கூட்டியது. போரில் பெண்கள், குழந்தைகள், துறவிகள் ஆகியோரைக் கொல்லக் கூடாது என்ற சட்டம் அங்கே நிறைவேறியது. 91 பேர் பிணை நின்றார்கள். அயர்லாந்து அரசர்களோடு ஸ்காட்லாந்திலிருந்து பிக்ட் இன மன்னன் ப்ரூடேயின் பெயரும் பட்டியலில் இருக்கிறது. கடலோடி புனித ப்ரெண்டன் தொடங்கிய மடம் என்பதால்தான் அந்த மரியாதை.

5 பிப்ரவரி | கரித்துண்டு

கடைசி வரியைத் தவிர எல்லாம் சரி. கடலில் போனவர் க்ளான்ஃபர்ட் ப்ரெண்டன். பர் மடத்தைத் தொடங்கியவர் வேறு ப்ரெண்டன், 573 வாக்கில் இறந்தவர். இருவரும் சமகாலத்தவர், 'அயர்லாந்தின் பன்னிரு அப்போஸ்தலர்' பட்டியலில் இருவருக்கும் இடம் உண்டு, க்ளான்ஃபர்ட்டும் ஷானனுக்கு அக்கரையில் பக்கத்திலேயே. குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பர் ப்ரெண்டன் படகு ஏறிய சாமியார் இல்லை. தன் நண்பர் கொலும்பாவை மற்றவர்கள் சபைநீக்கம் செய்யப் பார்த்தபோது எழுந்து ஆதரித்துப் பேசியவர். அந்தக் கொலும்பா கட்டியதுதான் அயோனா மடம், அதன் பிற்காலத் தலைவர் அடோம்நான். பழைய நன்றிக்கடனும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

ஆனால் முதல் காரணம் நிலம். அயர்லாந்து அப்போது வடபாதி, தென்பாதி என இரு அதிகாரம். பர் தென்பாதியின் வட விளிம்பு. இரண்டு பங்காளிகளும் தத்தம் வீட்டில் பேச மறுத்தால் வரப்பில் நின்றுதானே பேசுவார்கள்? 827-லும் அதுவே நடந்தது: தாரா அரசன் கொன்ஹோவரும் மன்ஸ்டர் அரசன் ஃபெலிமியும் சந்தித்த இடம் பர்.

மடத்தின் கைவண்ணம் இன்றும் இருக்கிறது. 822-ல் இறந்த மடத்தலைவர் மக் ரெகோல் எழுதிய நற்செய்தி ஏடு, 169 தோல் தாள்கள். 10ஆம் நூற்றாண்டில் ஃபார்மன், ஓவுன் என்ற இரு இங்கிலாந்துப் பாதிரியார்கள் லத்தீன் வரிகளுக்கு இடையே பழைய ஆங்கிலத்தில் பொருள் எழுதிவிட்டார்கள். உரையாசிரியர் மூலத்தின் மேலேயே எழுதிய மாதிரி. ஏடு இப்போது ஆக்ஸ்ஃபர்ட் போட்லியன் நூலகத்தில். பர் பொது நூலகத்தில் அச்சு நகல் பார்க்கலாம். நூலகக் கட்டடமே ஒரு பழைய கன்னிமடம்தான்.

7 பிப்ரவரி | மணல்மேடு

சரி, நடு இல்லை, ஓரம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊரைப் பார்த்தால் ஐரிஷ் ஊர் மாதிரி இல்லையே. நேர்த் தெருக்கள், மரம் வைத்த அகலப் பாதைகள், சதுக்கத்தில் கிரேக்கத் தூண். தூண்மேல் நெல்சனா?

7 பிப்ரவரி | கரித்துண்டு

தூண்மேல் இப்போது யாரும் இல்லை. 1747-ல் நிறுத்திய தூண், உச்சியில் கம்பர்லாந்து பிரபுவின் சிலை. முந்தைய ஆண்டு ஸ்காட்லாந்தில் கல்லோடன் போரை முடித்துக் கசாப்புக்காரன் என்று பெயர் வாங்கியவர். சிலையை 1915-ல் இறக்கிவிட்டார்கள். சதுக்கத்துக்கும் இப்போது ஐரிஷ் விடுதலை வீரர் எம்மெட்டின் பெயர். தூண் மட்டும் ஆள் இல்லாத பீடமாக நிற்கிறது.

ஊரின் நேர்த்திக்குக் காரணம் பார்சன்ஸ் குடும்பம். அதற்கு முன் இது ஓ'கேரல் குலத்தின் நாடு, மன்ஸ்டரைச் சேர்ந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிங்ஸ் கவுண்டியோடு (இன்றைய ஆஃபலி), அதாவது லென்ஸ்டரோடு இணைத்தார்கள். கவனியுங்கள், ஊர் நகரவில்லை, எல்லைதான் ஊரைத் தாண்டி நகர்ந்தது. 1620-ல் லாரன்ஸ் பார்சன்ஸுக்கு நில மானியம். பார்சன்ஸ்டவுன் என்ற பெயர் அப்போது வந்தது. 20ஆம் நூற்றாண்டில் பழைய பெயரே திரும்பியது.

அவர் போட்ட ஊர்க்கட்டளைகள் சுவையானவை. வாசல் தெருவில் சாணமோ குப்பையோ கொட்டினால் நான்கு பென்ஸ் அபராதம். புகைபோக்கி இல்லாமல் வீட்டில் தீ மூட்டினால் ஊரைவிட்டு வெளியேற்றம். பீர் ஊற்றிக் கொடுக்கும் பெண்ணுக்கு மூன்று சந்தை நாட்கள் முழுக்கக் கால்கட்டையில் உட்காரும் தண்டனை. இரண்டாவதை மட்டும் நான் ஆதரிப்பேன். கூரை வைக்கோல் என்றால் ஒரு வீட்டுத் தீ ஒரு தெருத் தீ.

8 பிப்ரவரி | கரித்துண்டு

மேலே ஒன்று விட்டுப்போயிற்று. படைமுகாம். ஊருக்குத் தெற்கே க்ரிங்கிலில் 1809 முதல் 1812 வரை கட்டினார்கள். ஏன் அங்கே? நெப்போலியன் படை மேற்குக் கடற்கரையில் இறங்கினால் டப்ளினுக்குப் போகும் வழியில் ஷானனைத் தாண்ட வேண்டும். தாண்டும் இடங்கள் எண்ணிச் சில: ஷானன்ப்ரிட்ஜ், பனஹர், மீலிக். மூன்றிலும் கோட்டையோ பீரங்கிக் கோபுரமோ கட்டினார்கள். பர் அவற்றுக்குப் பின்னால், ஒரு நாள் நடையில் எதற்கும் போய்ச் சேரும் தூரத்தில். மறுபடியும் எல்லைதான்.

1881-லிருந்து அது லென்ஸ்டர் ரெஜிமென்ட்டின் தலைமையிடம். பெயரைப் பார்த்து உள்ளூர்ப் படை என்று எண்ண வேண்டாம். கனடாவில் திரட்டிய 100ஆம் படையையும், கிழக்கிந்தியக் கம்பெனி பம்பாயில் வைத்திருந்த ஐரோப்பியப் படையின் வாரிசான 109ஆம் படையையும் சேர்த்துத் தைத்தது. 1922-ல் படையைக் கலைத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில், பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தை எதிர்த்த குடியரசுப் படையினர் முகாமைக் கொளுத்தினார்கள். நூறு வருடமாகச் சிப்பாய்களுக்கு ரொட்டியும் ஓட்ஸும் விற்ற ஊருக்கு ஒரே கோடையில் வாடிக்கையாளர் போய்விட்டார்கள். இன்று மிச்சம் மதில் சுவர்.

11 பிப்ரவரி | ஓட்டைக்குடை

தொலைநோக்கியை எல்லை வாதத்தில் எப்படி அடக்குவீர்கள்? வருடம் 800 மி.மீ. மழை, தினமும் மேகம். வானம் பார்க்க அதைவிட மோசமான இடம் கிடையாது.

12 பிப்ரவரி | கரித்துண்டு

அடக்க முடியாது. அது எல்லைக்கதை இல்லை, சதுப்பின் கதை. அதைச் செய்த மூன்றாம் ராஸ் பிரபு வில்லியம் பார்சன்ஸ், அதே பார்சன்ஸ் குடும்பத்தவர், வானத்துக்காக இடம் தேடவில்லை. சொந்த வீட்டு முற்றத்தில், சொந்த நிலத்து எரிபொருளில், உள்ளூர்க் கொல்லர், தச்சர்களைப் பழக்கிச் செய்தார். எரிபொருள் டர்ஃப். சதுப்புப் பாசி அழுகாமல் அமுங்கி அமுங்கிச் சேர்ந்த மண். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வளரும், பத்து மீட்டர் ஆழம் சேர்ந்த இடங்கள் உண்டு.

வெட்டும் முறை: ஸ்லேன் என்ற இறக்கை வைத்த மண்வெட்டியால் செங்கல் வடிவில் வெட்டுவது. வெட்டும்போது பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். முதலில் தரையில் பரப்பிக் காயவிட்டு, மேல் தோல் பிடித்ததும் ஐந்தாறு கட்டிகளைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்த வேண்டும். காற்று உள்ளே புகுந்து வெளியேற வேண்டும், அதுதான் சூட்சுமம். தோல் பிடிக்காமல் நிறுத்தினால் சரிந்து கூழாகும். நன்றாகக் காய்ந்த பிறகே போர் போடுவது. கோடை ஈரமாகப் போனால் அந்த வருட அடுப்பு புகையோடுதான். நிலக்கரியோடு ஒப்பிட்டால் எடைக்கு எடை சூடு பாதி, ஆனால் கந்தகம் குறைவு. உலோகம் உருக்குகிறவனுக்குக் கடைசி விஷயம் முக்கியம்.

12 பிப்ரவரி, மாலை | மணல்மேடு

கண்ணாடியை உருக்க டர்ஃப் போதுமா?

13 பிப்ரவரி | கரித்துண்டு

கண்ணாடி இல்லை, உலோக ஆடி. ஸ்பெகுலம் என்ற கலவை, ஏறக்குறைய 68 பங்கு செம்பு, 32 பங்கு வெள்ளீயம். மெருகு போட்டால் வெள்ளி மாதிரி மின்னும். ஆனால் முறுக்கு மாதிரி உடையும். நம் ஆறன்முளைக் கண்ணாடியும் செம்பு, வெள்ளீயம் சேர்ந்த இதே குடும்பத்து உலோகம்தான். அங்கே உள்ளங்கை அகலம், இங்கே விட்டம் 72 அங்குலம், எடை சுமார் மூன்று டன்.

முதலில் 36 அங்குல ஆடி ஒன்றை, 16 துண்டுகளைப் பித்தளைத் தட்டில் ஒட்டிச் செய்து பார்த்தார். பிறகு ஒரே வார்ப்பாகவே செய்யலாம் என்று துணிந்தார்.

பெரிய ஆடி வார்த்தது 13 ஏப்ரல் 1842. மூன்று இரும்பு மூசைகள், அதாவது உலோகம் உருக்கும் பாத்திரங்கள். மூசையிலேயே ஒரு சிக்கல்: வாய் கீழே இருக்கும்படி வார்த்த மூசையின் அடியில் நுண்துளை விழும், உருகிய உலோகம் கசியும். ஆகவே வாய் மேலே இருக்கும்படி வார்க்கச் செய்தார். கழிவும் குமிழியும் வாய்ப்பக்கம் போய்விடும், அடி கெட்டியாக நிற்கும்.

அடுத்த சிக்கல் ஆறுவது. சாதாரண மணல் அச்சில் ஊற்றினால் ஓரமும் மேலும் முதலில் இறுகும், நடு பிறகு சுருங்கும், ஆடி பிளக்கும். அடியிலிருந்து மேல்நோக்கிச் சீராக ஆற வேண்டும். அதற்காக அச்சின் அடித்தளத்தை இரும்புப் பட்டைகளை விளிம்பில் நிறுத்தி நெருக்கிக் கட்டினார். இரும்பு சூட்டை வேகமாக இழுக்கும், இண்டு வழியாகக் காற்று வெளியேறும், உலோகம் மட்டும் கசியாது. பக்கச்சுவர் மணல், மேலே திறப்பு. இறுகியதும் செந்நிறம் மாறுவதற்குள் சூளைக்குள் இழுத்து அடைத்துவிட்டார்கள். சூளையில் 16 வாரம். அவசரப்பட்டுத் திறந்தால் முதல் குளிர்காற்றில் பிளவு.

13 பிப்ரவரி, பின்னிரவு | கரித்துண்டு

மெருகு போடும் இயந்திரத்தை ஓட்டியது நீராவி எஞ்சின். ஆடி தண்ணீர்த் தொட்டிக்குள் மல்லாந்து சுழலும், வெப்பநிலை மாறாமலிருக்கத்தான் தண்ணீர். மேலே தேய்ப்பான் முன்னும் பின்னும் போய்வரும். நேர் மேலே கோபுர உச்சியில் ஒரு கடிகார முகப்பு. அதன் பிம்பம் எவ்வளவு தெளிவாக விழுகிறது என்று பார்த்து, ஆடியை எடுக்காமலே சோதிப்பார்கள்.

முடிந்ததும் இன்னொரு தொல்லை: ஈரக்காற்றில் ஸ்பெகுலம் மங்கும். மெருகைப் புதுப்பித்தால் வளைவும் மாறும், அதாவது முதலிலிருந்து வேலை. அதனால் இரண்டு ஆடிகள். ஒன்று குழலில், மற்றது பட்டறையில். இரண்டு கிடைக்க ஐந்து முறை வார்க்க வேண்டியிருந்தது.

குழல் 54 அடி. பிடித்து நிறுத்த வடக்கு-தெற்காக இரண்டு கற்சுவர்கள், ஐம்பது அடிக்கு மேல் உயரம். இதுவே அதன் குறையும்: பக்கவாட்டில் சிறிதுதான் நகரும். ஒரு விண்மீன் சுவர்களுக்கு நடுவே கடக்கும் சுமார் ஒரு மணி நேரம்தான் பார்க்க முடியும். அப்போது மேகம் வந்தால் அன்றைய கணக்கு முடிந்தது.

14 பிப்ரவரி | ஓட்டைக்குடை

திறப்பு விழாவில் ஈலி நகரத்துப் பாதிரியார் பீக்காக் குடையை விரித்துப் பிடித்தபடி குழலுக்குள் நடந்தார் என்பார்கள். என் பெயரில் உள்ள குடை அது இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

14 பிப்ரவரி | கரித்துண்டு

உங்களுடையது ஓட்டை, பர்ருக்கு ஆகாது.

1845 வசந்தத்திலேயே பலன் கிடைத்தது. வானில் மங்கலான ஒளித்திட்டாகத் தெரியும் எம்51-க்குச் சுருள் வடிவம் என்று முதலில் கண்டதும் வரைந்ததும் இங்கே. அதே இலையுதிர்காலத்தில் உருளைக்கிழங்கு நோய். பஞ்சத்தின் மோசமான ஆண்டுகளில் பிரபு தொலைநோக்கியைத் தொடவில்லை. 1848-ல்தான் ஒழுங்காகத் திரும்பினார். பிறகு 1870களில் உதவியாளராக வந்த ட்ரேயர் பின்னாளில் தொகுத்ததுதான் வானியலார் இன்றும் புரட்டும் என்ஜிசி, அதாவது இப்படிப்பட்ட ஒளித்திட்டுகளையும் விண்மீன் கூட்டங்களையும் எண்ணிட்ட பட்டியல்.

இப்போது நிற்பது 1990களில் புதுப்பித்த குழல். 1999-ல் வைத்த ஆடி அலுமினியம். பழைய ஆடி ஒன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில். 2017-லிருந்து அதே தோட்டத்தில் ரேடியோ வானலைகளைப் பிடிக்கும் லோஃபார் நிலையமும் உண்டு. ரேடியோ அலைக்கு மேகம் ஒரு பொருட்டில்லை, 170 வருடம் கழித்து ஊரின் வானிலைக்குப் பொருத்தமான கருவி வந்து சேர்ந்தது.

16 பிப்ரவரி | மணல்மேடு

கார் விபத்து?

16 பிப்ரவரி | கரித்துண்டு

கார் இல்லை, நீராவி வண்டி, பிரபுவின் பிள்ளைகள் செய்தது. இறந்தவர் மேரி வார்ட், பிரபுவின் உறவினர். நுண்ணோக்கியில் பார்த்ததைத் தானே வரைந்து, 1857-ல் இந்த ஊரிலேயே 250 பிரதி அச்சிட்டவர். 31 ஆகஸ்ட் 1869, தேவாலயத்துக்குப் பக்கத்துத் திருப்பம். வேகம் மணிக்கு நான்கு மைலுக்குள், விரைந்து நடக்கும் ஆளுக்குச் சமம். வேகம் கொல்லவில்லை. இருக்கை உயரம், பிடிமானம் இல்லை, திருப்பத்தில் குலுங்கிக் கீழே விழுந்தார், கனத்த சக்கரம் ஏறியது. வண்டியில் இருந்த சிறுவர்களில் ஒருவர் சார்லஸ் பார்சன்ஸ். 1884-ல் நீராவி டர்பைன் செய்தவர் அவரே.

19 பிப்ரவரி | ஓட்டைக்குடை

களவுபோன ரயில்பாதையை யாரும் சொல்லவில்லை. அதை விட்டால் பர் வரலாறு நிறையாது.

20 பிப்ரவரி | கரித்துண்டு

விடுவேனா. ராஸ்க்ரே வழியாக முதன்மை ரயில்பாதையோடு சேரும் கிளை 1858-ல் வந்தது, 1963 வரை ஓடியது. அது நல்ல பிள்ளை. மேற்கே போர்ட்டும்னாவுக்குப் போட்ட 12 மைல் பாதைதான் கோளாறு. 1868 நவம்பரில் திறந்து 1878 கடைசியில் மூடினார்கள்.

தோற்றதற்குக் காரணம் ஒரே வரி: போர்ட்டும்னா ஷானனுக்கு மேற்கே, பாதை கிழக்குக் கரைப் பாலத்தோடு நின்றுவிட்டது. மாட்டை ஓட்டிக்கொண்டு பாலம் தாண்டி வருகிறவன் இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பர் சந்தைக்கே வந்துவிடுவான். ஓட்டிக்கொடுத்த பெரிய ரயில் கம்பெனி பத்து வருடக் குத்தகை முடிந்ததும் நட்டம் என்று விலகியது. கட்டிய சின்னக் கம்பெனி அரசுக் கடன் ஆணையத்துக்கு 12,000 பவுண்டு பாக்கி. தொலைநோக்கியின் செலவாகவும் அதே 12,000 பவுண்டைத்தான் சொல்வார்கள். ஒன்றில் அண்டம் தெரிந்தது, மற்றதில் பாலம் வரைக்கும்.

வாங்க ஆளில்லாமல் கிடந்த பாதையை ஊரார் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். தண்டவாளம், கட்டை, சிக்னல், நிலையக் கட்டடத்தின் கல் வரைக்கும். இன்று தடம் தெரிவது வயல் நடுவே மேடாகப் போகும் கரைகளில்தான்.

20 பிப்ரவரி | மணல்மேடு

ஹர்லிங்கும் எல்லைக்கதையா?

21 பிப்ரவரி | கரித்துண்டு

ஆட்டம் நடந்தது 1 ஏப்ரல் 1888, கணக்கில் 1887 ஆண்டுக்கான போட்டி. மோதியவர்கள் டிப்பரரியின் தர்லஸ், கால்வேயின் மீலிக். பக்கத்துக்கு 21 பேர். தர்லஸ் 1-1 (ஒரு கோல், ஒரு புள்ளி), மீலிக் சுழியம். ஒருவர் மன்ஸ்டர், ஒருவர் கொனாக்ட், களம் லென்ஸ்டர். 827-ல் இரு அரசர்கள் செய்ததையே மட்டையோடு செய்தார்கள். இரண்டு பக்கமும் ரயிலிலோ நடந்தோ வந்துசேரும் பொது இடம் வேறு எது?

பர் கழகம் பிறகு 1995, 1998, 2002, 2003 என்று நான்கு முறை அகில அயர்லாந்துக் கழகக் கோப்பை வென்றது, அதற்கு எந்த வாதமும் தேவையில்லை, நன்றாக ஆடினார்கள்.

2 மார்ச் | மணல்மேடு

தலைப்பை மாற்றச் சொல்கிறார்கள். தொப்புள்கல் என்று ஒன்று ஊரில் நிற்கிறதே, அதையாவது விட்டுக்கொடுங்கள்.

2 மார்ச் | கரித்துண்டு

செஃபின் கல். சுண்ணாம்புக்கல் பாறை. அதுவும் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1828 வாக்கில் தாமஸ் ஸ்டீல் என்ற க்ளேர் கவுண்டிக்காரர் கத்தோலிக்கப் பூசை நடத்தும் கல்லாக வைத்துக்கொள்ளத் தன் வீட்டுக்கு ஏற்றிப் போனார். திரும்பி வந்தது 1974-ல். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு அயர்லாந்தின் தொப்புள் க்ளேரில் யாரோ வீட்டு வளாகத்தில் கிடந்திருக்கிறது. தலைப்பை மாற்ற வேண்டாம், கேள்விக்குறி இருக்கட்டும்.